மேல்மாடி அன்னார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். அன்னார் உயிரோடுதான் இருக்கிறார். முழங்கால் இரண்டும் பழுதாகி, மகள் கூப்பிட்டாளென்று தன் நாட்டுக்குத் திரும்பிப் போய் மூன்று வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் அம்மாவோடு அரை மணித்தியாலம் கதைக்கிறார். என்னோடு இரண்டு நிமிடம். கடையில் வேலை கிடக்கிறது என்று நான்தான் நழுவிவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவரை 'அன்னார்' என்றால் ஆள் முடிந்துவிட்டார் என்று அர்த்தம். மரண அறிவித்தலில் மட்டும் வருகிற சொல் அது. "அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும்" என்று நீண்டுகொண்டு போகும். நடந்து திரிகிற ஒரு மனிதருக்கு, அதுவும் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு வெள்ளைக்காரருக்கு, அந்தப் பட்டம் வந்து சேர்ந்ததற்கு நான்தான் காரணம்.

துறைமுக வீதியில் எனக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. முன்னுக்கு அச்சகம், பின்னுக்கு வீடு, மேலே வாடகைக்கு ஒரு அறை. துறைமுகத்தின் ஆழம் அளக்க வந்த கப்பலொன்றில் ஆறு மாத வேலைக்கு வந்த ஒல்லாந்துக்காரர் அவர். ஆழம் அளந்து முடித்துக் கப்பல் போய்விட்டது. அவர் போகவில்லை. மனைவி இல்லை, மகள் கலியாணம் முடித்துவிட்டாள், ஓய்வூதியம் எங்கே இருந்தாலும் வரும் என்றார். அறையைக் கொடுத்தேன்.

வந்த முதல் கிழமையே கீழே இறங்கி வந்து, தமிழ் படிக்கப் புத்தகம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி ஆங்கிலம் அதுதான். அன்றைக்கு எனக்கு மூன்று கலியாணக் காட் அவசரம். ஆள் போனால் போதுமென்று, மூலையில் கிடந்த பழைய மரண அறிவித்தல் கட்டு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். "இதில எல்லாம் இருக்கு. ஊர், உறவு, நேரம், திகதி. இதைப் படிச்சால் காணும்."

மனிசன் அதை நம்பிவிட்டார்.

நான்கு மாதம் கழித்து, பக்கத்துப் பேக்கரியில் நின்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். "பிறீஸ்லாந்தைப் பிறப்பிடமாகவும் திருகோணமலையை வதிவிடமாகவும் கொண்ட எனக்கு ஒரு றாத்தல் பாண் தரவும்." கடைக்காரர் பாணைக் கொடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று கும்பிட்டார். ஆட்டோக்காரரிடம், "என்னை பஸ் நிலையத்துக்கு எடுத்துச் செல்லவும்" என்பார். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவரைப் பார்க்கப் போய்க் கதவைத் தட்டி, திறந்த மனைவியிடம் மிகுந்த மரியாதையோடு, "அன்னார் இல்லத்தில் வைக்கப்பட்டிருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனுசி கையிலிருந்த சுளகோடு உள்ளே ஓடி, சாய்மனைக் கதிரையில் நித்திரையாக இருந்த அதிபரை உலுக்கி எழுப்பி, மூச்சு வருகிறதா என்று பார்த்ததாக வீதி முழுக்கக் கதை. அன்றிலிருந்து எங்கள் வெள்ளைக்காரருக்கு அன்னார் என்று பெயர் விழுந்தது. அவருக்கும் அது பிடித்திருந்தது. நல்ல மரியாதையான சொல் என்றார்.

ஊர்த் தமிழும் மெல்ல மெல்ல வந்து ஒட்டிக்கொண்டது. ஓம், ஏலாது, காணும் எல்லாம் நன்றாக வரும். ஆனால் எது முக்கியமோ அதை நோட்டீஸ் தமிழில்தான் சொல்வார்.

அவரைவிட நாங்கள்தான் பெரிய பகிடி என்று இப்போது நினைக்கிறேன். அவர் தமிழில் கேட்பார், நாங்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வோம். அவர் திரும்பவும் தமிழில் கேட்பார், நாங்கள் இன்னும் சத்தமாக ஆங்கிலத்தில் சொல்வோம். நாலாம் முறை கேட்டபிறகு வேறு வழியில்லாமல் தமிழில் சொல்வோம். ஏதோ அவரிடம் தோற்றுப்போனது மாதிரி இருக்கும். எனக்கு அதில் எரிச்சல்தான். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"படிக்கிறதெண்டா சிங்களம் படிச்சிருக்கலாமே அண்ணை? நாடு முழுக்கக் கதைக்கலாம். கந்தோர் அலுவலெல்லாம் சுகமா முடியும்."

"என்ர பிறீஸ்லாந்தில எங்கட பாஷை சின்னப் பாஷை, தம்பி. பள்ளிக்கூடத்தில பெரிய பாஷை படி, படி எண்டு சொல்லித்தான் என்னை வளர்த்தவை. ஒருக்காப் படிச்சுப்போட்டன். காணும்."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "மற்றது, நான் இருக்கிறது உம்மட கடைக்கு மேல. நீர் தமிழ்."

நான் ஒரு கட்டுத் தாளை எடுத்து எண்ணத் தொடங்கினேன்.

வதிவிடப் பத்திரம் ஒன்றுக்காக ஒருமுறை அவரை ஒரு அரசாங்கக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கந்தோருக்கு நானும் இருபது வருடமாகப் போய் வருகிறவன். எப்போதும் சிங்களப் படிவத்தைத்தான் நீட்டுவார்கள், நானும் ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். அது பிழையென்று ஒருநாளும் தோன்றியதில்லை. அன்னார் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தமிழ்ப் படிவம் தரவும்."

முன்னால் இருந்த எழுதுவினைஞர் தமிழர்தான். "சேர், இங்கிலீஷ் ஃபோம் இருக்கு."

"எனக்கு ஆங்கிலம் வராது," என்று அன்னார் கூசாமல் பொய் சொன்னார்.

எழுதுவினைஞர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் எழும்பிப் போய் உள்ளே நின்ற அலுமாரியைத் திறந்து தும்மி, மறுபடி தும்மி, அடித்தட்டிலிருந்து ஒரு கட்டை எடுத்து வந்தார். தமிழ்ப் படிவங்கள். அச்சடித்த இடத்தில் கட்டிய நூல்கூட இன்னும் அவிழ்க்கப்படவில்லை. நூலை அவிழ்த்து அன்னாருக்கு ஒன்று கொடுத்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற திரியாயைச் சேர்ந்த பெரியவர் தன் கையிலிருந்த படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப எனக்கும் உதில ஒண்டு தாரும்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணும் கேட்டாள். கால் மணித்தியாலத்தில் வரிசை முழுக்கக் கையில் தமிழ்ப் படிவத்தோடு நின்றது. பேனை என்னிடம் மட்டும் இருந்ததால் எனக்கு வீடு போக மத்தியானமாகிவிட்டது.

திரும்பி வரும்போது அவர் நல்ல சந்தோசத்தில் இருந்தார். கந்தோர் என்ற சொல்லை ஒல்லாந்தர்தான் இங்கே விட்டுப் போனார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கக்கூசும் அவர்கள் கொண்டுவந்த சொல்தானாம். "என்ர ஆக்கள் உங்களுக்குக் குடுத்தது ரெண்டே ரெண்டு, தம்பி. ரெண்டுக்கும் வரிசையில நிக்க வேணும்," என்று சொல்லி ஆட்டோ குலுங்கச் சிரித்தார்.

அவருடைய காலைப்பொழுது என் கடையில்தான் போகும். தேத்தண்ணிக் கோப்பையோடு இறங்கி வந்து, அன்றைக்கு அச்சுக்குப் போகிற மரண அறிவித்தல்களின் புரூப் எல்லாவற்றையும் வாசிப்பார். எழுத்துப் பிழை பார்ப்பதாகத்தான் சொல்லிக்கொள்வார். உண்மையில் அவர் பார்ப்பது உறவுகளை. மகன் இருந்தால் மருமகள் எங்கே, மருமகள் இருந்தால் பேரப்பிள்ளைகள் எங்கே, 'காலஞ்சென்ற' என்று போட வேண்டிய ஆளை உயிரோடு விட்டிருக்கிறதா என்று சிவப்புப் பேனையோடு தேடுவார். கண்டுபிடித்தால் முகம் மலர்ந்துபோகும்.

"தம்பி, ஒரு ஆள் விடுபட்டிருக்கிறார்."

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அழுதுகொண்டு வந்து எழுதிக் கொடுப்பவர்கள் பெரியக்காவை மறந்துவிடுவார்கள். நோட்டீஸில் பெயர் விடுபட்டால் எங்கள் ஆட்கள் லேசில் விடமாட்டார்கள். செத்தவரை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள். செத்த வீட்டிலேயே சண்டை தொடங்கி, பிள்ளைகளின் கலியாணம் வரை நீளும். அப்படி எத்தனை சண்டையை அன்னாரின் சிவப்புப் பேனை தடுத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு நான் ஒரு நன்றியும் சொன்னதில்லை.

ஆனால் சில பெயர்கள் மறந்து விடுபடுவதில்லை. அதை அவருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். நாங்கள் இரண்டே பேர்தான். அவன் கந்தளாயில் வேலை செய்த இடத்தில் ஒரு சிங்களப் பெண்ணைக் கலியாணம் முடித்தான். அப்பா துறைமுகக் களஞ்சியத்தில் முப்பது வருடம் சிங்களவர்களோடு ஒன்றாகச் சோறு தின்றவர்தான். ஆனால் மருமகள் என்று வந்ததும் துள்ளினார். "என்ர நோட்டீஸிலகூட அவன்ர பேர் வரப்படாது" என்று, அச்சடிக்கிறவன் நான் என்பதால் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பன்னிரண்டு வருடம் தம்பி இந்தப் படி ஏறவில்லை. அம்மா அவனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எனக்கு அப்பாவின் சொல்லும் முக்கியம், உண்மையைச் சொன்னால், அப்பாவின் நல்ல பிள்ளையாக இருப்பதும் முக்கியம்.

அப்பா ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் போய்விட்டார். நான் அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, கடையைத் திறந்து அவருக்கு நோட்டீஸ் அடித்தேன். எத்தனையோ பேருக்கு அடித்த கை. அன்று பத்து வரி அடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. அன்னார் இறங்கி வந்தார். தேத்தண்ணிக் கோப்பை இல்லை. என் தோளில் கையை வைத்துக்கொண்டே புரூப்பை வாசித்தார்.

"தம்பி, ஒரு ஆள் விடுபட்டிருக்கிறார்."

"விடுபடேல்ல. விட்டது."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. புரூப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கோ ஐயருக்குச் சொல்ல வேண்டும், பெட்டிக்குச் சொல்ல வேண்டும், பந்தல்காரன் வாசலில் நிற்கிறான். அச்சடிப்பதை அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

பத்து மணிக்கு லிங்கநகரிலிருந்து மச்சான் ஒருவன் போன் எடுத்தான். "சின்னவன்ர பேரும் போட்டிருக்கிறாய். நல்ல காரியம் செய்தாய் மச்சான், பழசை எல்லாம் மறக்கத்தானே வேணும்." நான் வீதிக்கு ஓடினேன். அதிபர் வீட்டு மதிலில் பசை காயாமல் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே என் பெயர், பக்கத்தில் தம்பியின் பெயர், 'ஆகியோரின் பாசமிகு தந்தையும்'. அடுத்த வரியில் என் மனைவியின் பெயர், பக்கத்தில் அந்தச் சிங்களப் பிள்ளையின் முழுப்பெயர், 'ஆகியோரின் அன்பு மாமனாரும் ஆவார்'. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. துறைமுகத்திலிருந்து லிங்கநகர் வரை எல்லா மதிலிலும் ஒட்டி முடிந்திருந்தது.

அன்னாரைக் கடை வாசலில் வைத்துப் பிடித்தேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். முக்கியமாக ஒன்று சொன்னேன். "இது எங்கட குடும்ப விஷயம். வெளியில இருந்து வந்த ஆள், வெளியில நில்லுங்கோ." அவர் தலையைக் குனிந்துகொண்டு, சொன்னபடியே போய்ப் படலைக்கு வெளியே வெயிலில் நின்றார்.

நோட்டீஸில் தன் பெயர் வந்ததை யாரோ போனில் சொல்லி, பின்னேரம் இரண்டு மணி பஸ்ஸில் தம்பி வந்தான். பின்னால் வெள்ளைச் சேலையில் அந்தப் பிள்ளை.  தம்பி அப்பாவின் காலடியில் விழுந்து அழுதான். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, பக்கத்திலிருந்த பெண்களிடம், "அம்மா எங்க இருக்கிறா?" என்று கேட்டாள். எங்கள் பெண்களுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களமெல்லாம் அந்த நேரம் பார்த்து வெளியே வந்தது. ஒருத்தி கையைக் காட்டினாள், ஒருத்தி கடைத்தெருச் சிங்களத்தில் ஏதோ கத்தினாள். அவள் திரும்பவும் தமிழில் கேட்டாள். இன்னும் சத்தமாகச் சிங்களம் வந்தது.

படலைக்கு வெளியேயிருந்து ஒரு குரல் கேட்டது. "பிள்ளை தமிழிலதானே கேக்கிறா? தமிழில சொல்லுங்கோவன்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவிதான் முதலில் எழும்பி, "வாரும், அம்மா அறைக்குள்ள இருக்கிறா" என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து அம்மாவின் அழுகை கேட்டது. அதுவரை அவர் அப்படி அழுதிருக்கவில்லை. மூத்தவன் நான் கொள்ளி வைத்தேன். பாடையின் மறுபக்கம் தம்பி தோள் கொடுத்தான். இருவருக்கும் உயரம் சரியாக இருந்தது.

எட்டாம் நாளில் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள், கடையில் வெட்டும் மெசினின் மேல் மேல்மாடிப் பூட்டின் திறப்பு இருந்தது. ஆள் இல்லை. இறக்கக்கண்டியில் ஒரு அறை எடுத்திருக்கிறார் என்று ஆட்டோக்காரர் வந்து சொன்னார். போகட்டும் என்றேன். போனதும் நல்லதுதான் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் தேத்தண்ணியை மேசையில் இடித்து வைத்துவிட்டுப் போனாள். காலையில் புரூப் வாசிக்க ஆளில்லாமல், அந்த மாதத்திலேயே இரண்டு பெரியக்காமார் விடுபட்டு, இரண்டு வீட்டாரும் கடைக்கு வந்து என்னை ஏசிவிட்டுப் போனார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முன் நன்றி நவிலல் அடிக்க வேண்டும். செத்த வீட்டுக்கு வந்தவர்கள், சமைத்தவர்கள், பந்தல் போட்டவர்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லி, கடைசியில் குடும்பத்தார் பெயர் போடுவது வழக்கம். இந்த முறை தம்பியின் பெயரையும் அவன் மனைவியின் பெயரையும் நானே அடித்தேன். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புரூப்பை விரலால் தடவித் தடவி வாசித்தார்.

"மோனை, ஒரு ஆள் விடுபட்டுப்போச்சு."

நான் புரூப்பை வாங்கிப் பார்த்தேன். "ஆர்?"

"மேல் வீட்டுத் தம்பி."

"அந்தாளோ? அப்பான்ர சொல்லை மீறி..."

"சொல்லை மீறினது நான்." அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீ ஐயரிட்டப் போனாப்பிறகு சின்னவன்ர பேரையும் அந்தப் பிள்ளையின்ர பேரையும் துண்டில எழுதிக் குடுத்தனான். அவள் பேர் உனக்குத் தெரியுமே? ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு யோசிச்சுப் பாத்தியே? நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேயும் எண்டு கேட்டனான். நீ அவ்வளவு ஏசியும் அந்த மனிசன் வாய் திறக்கேல்ல, பார்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே அம்மா?"

"உன்னட்டச் சொன்னா நீ உன்ர அப்பரைப்போலக் கத்துவாய். அந்த மனிசன் தினம் வந்து என்னோட இருந்து கதைக்கும். நீ போனோடதானே கதைக்கிறாய்." பிறகு குரலைத் தாழ்த்தி, மிக நியாயமான ஒரு விஷயத்தைச் சொல்பவர் போலச் சொன்னார். "மூத்தவன் தேப்பனுக்குக் கொள்ளி வைச்சாய். தாய்க்கு இளையவன்தானே வைக்க வேணும்? உன்ர அப்பற்ற கோவத்துக்காக நான் வேகாமல் கிடக்கிறதோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. நன்றி சொல்கிற பட்டியலில் முதல் ஆளாக, தடித்த எழுத்தில் அன்னாரின் உண்மைப் பெயரைப் போட்டு அம்மாவிடம் திரும்பக் காட்டினேன். அம்மா என்னிடம் ஒரு சிவப்புப் பேனையை வாங்கி அதையும் வெட்டினார்.

"நன்றி சொல்லுறது பிறத்தியாருக்கு, மோனை."

எங்கே போட வேண்டுமென்று விரலால் காட்டினார். நான் அங்கே போட்டேன்.

அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறக்கக்கண்டிக்குப் போனேன். கடற்கரையில் கவிழ்த்து வைத்த வள்ளம் ஒன்றின் மேல் அவர் இருந்தார். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், "அன்னாரே, உங்களிட்ட ஆள் வந்திருக்கு" என்றார். ஒரு மாதத்துக்குள் அங்கேயும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். புரூப்பை நீட்டினேன். "அண்ணை, அச்சுக்குக் குடுக்க முந்தி ஒருக்காப் பாத்துத் தாங்கோ."

அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். நன்றிப் பட்டியலை மெதுவாக வாசித்தார். ஐயர், சமைத்தவர்கள், பந்தல், அதிபர் குடும்பம். விரல் அடிவரை போய், மறுபடி மேலே வந்து, இன்னொரு முறை கீழே போனது. தன் பெயர் இல்லை என்பதைக் கண்டுகொண்டார். தலையை ஆட்டினார். "பிழை இல்லை," என்றார். பேனையை மூடினார்.

"கடைசி வரியையும் வாசியுங்கோ."

கடைசி வரியில், 'இங்ஙனம்' என்பதற்குக் கீழே அம்மாவின் பெயர், என் பெயர், அவர் பெயர், தம்பியின் பெயர், எங்கள் மனைவிமார் பெயர்கள். அதற்குக் கீழே 'குடும்பத்தினர்'.

அவர் அதை வாசித்தார். பிறகு ஏதோ சொன்னார். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. அவருடைய அந்தச் சின்னப் பாஷையாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு முன் ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஒரு சொல்லும் விளங்கவில்லை. "ஓம்," என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். அறைக்குள் போய்ப் பையோடு வந்தார். நீண்ட காலை மடக்கி, முனகிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"சரி தம்பி," என்றார். "என்னை இல்லத்துக்கு எடுத்துச் செல்லவும்."